வித்தியாசம்

நூல் சோதனை ரெக்கார்டு நோட்டில்
கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி
எங்கள் அணி வளர்ந்துகொண்டிருந்தது.

ஈரோட்டுக்காரர்களைப் பதினொன்றில் ஜெயித்தோம்.
ஈரோடு பொள்ளாச்சியை ஆறில்.
பொள்ளாச்சி போன மாசம்
அவிநாசி ரோட்டுக் கல்லூரியிடம்
நாலில்தான் தோற்றது.
கூட்டிக் கழித்தால்
அவிநாசி ரோட்டுக்கு நாங்கள் பதின்மூன்று மேலே.

நஸ்ரின் வாங்கிப் பார்த்தாள்.
"இந்தக் கணக்குல
என்னைய விட்டா நானே அவிநாசி ரோட்டை ஜெயிப்பேன்டி."

அவர்களுக்கு மரத்தளம், கூரை,
இருபத்து நாலு நொடியைச் சிவப்பில் எண்ணும் கடிகாரம்.
எங்களுக்குச் சிமெண்ட் தரை,
கோட்டோரம் நின்று விரல் மடக்கும் பி.டி. சார்.
கிழக்கு வளையத்தடியில் ஒரு வெடிப்பு,
பந்து அதில் பட்டால் எங்கே போகும் என்று
எங்கள் பையன்களுக்கு மட்டும் தெரியும்.
வெடிப்புக்கு நான் இரண்டு புள்ளி போட்டிருந்தேன்.

அவர்கள் சென்டர் ஆறடி ஆறங்குலம்.
நவநீதன் ஆறடி இரண்டு,
ஷூவோடு மூன்று,
எதிராளி பேச்சுக் கொடுத்தால் நாலு.
அப்புறம் ரெஜிஸ்.
ஆடி மாசம் வாளையாறு பக்கமிருந்து வருகிற காற்று
மூணு புள்ளிப் பந்தை ஒரு முழம் இழுத்துப் போகும்.
ரெஜிஸ் அந்த ஒரு முழத்தைத் தள்ளியே எறிவான்,
காற்று அதைக் கொண்டுபோய்
வளையத்துக்குள் வைத்துவிட்டு வரும்.

இறுதி ஆட்டம் கூரைக்குள் நடந்தது.
காற்றில்லை.
ரெஜிஸ் கை பழக்கத்தில் ஒரு முழம் தள்ளியே எறிந்தது,
முதல் பந்து, இரண்டாவது, ஆறாவது.
மரத்தளத்தில் எங்கேயும் வெடிப்பில்லை.
பத்தொன்பதில் தோற்றோம்.

தோற்றதுகூடப் பரவாயில்லை.
வாசலில் பப்ஸ் வாங்க நிற்கையில்
முன்னால் நின்ற அவிநாசி ரோட்டுப் பையன்
தன் கூட்டாளியிடம் சொன்னான்:
"மெட்ராஸ்காரனுங்களா இருந்தா
இவங்கள முப்பத்தஞ்சுல அடிச்சிருப்பானுக.
நாம இன்னும் அந்த லெவலுக்கு வரலடா."
இவங்கள.
மூன்று வருசமாக
அவர்கள் பேரை நான் தினமும் எழுதுகிறேன்.
அவன் வாயில் எங்களுக்குப் பேர் இல்லை.
பப்ஸ் ஆறியிருந்தது. சாப்பிட்டோம்.

நூலுக்கு நம்பர் ஏற ஏறக் கனம் குறையும் என்று
முதல் வருசம் படித்தது
எதற்கோ ஞாபகம் வந்தது.

சிங்காநல்லூர் பஸ்ஸில்
ஒரு பையன் எங்கள் ஐ.டி. கார்டைப் பார்த்துக்கொண்டே வந்தான்.
தோளில் ஷூ பை,
மேலே தாராபுரம் கல்லூரி என்று பாதி அழிந்த எழுத்து.
"ஏனுங்கக்கா, நீங்க மில் ரோடுங்களா?"
ஆமாம் என்றாள் நஸ்ரின்,
இன்னொரு அடிக்குத் தயாராக.
"உங்ககிட்ட நாங்க ஒம்பதுலதானுங்க தோத்தோம்!
இன்னைக்கு அவிநாசி ரோடு உங்கள பத்தொம்பது.
அப்ப அவங்களுக்கும் எங்களுக்கும்
இருபத்தெட்டுத்தானுங்களே வித்தியாசம்."
இருபத்தெட்டை
தட்டில் வைத்த பலகாரம் மாதிரி நீட்டினான்.

எந்த ஆட்டம்?
"பங்குனில, உங்க கிரவுண்டுலதானுங்க.
பாதியில மழை வந்துச்சு,
சாக்கு போட்டுத் தொடைச்சு மறுபடி ஆடுனமே.
எங்க தாரணி உங்க நவநீதண்ணன் தலைக்கு மேலயே போட்டானுங்க.
ஊர்ல இன்னும் அதத்தான் பேசறாங்க."

சாக்கு ஞாபகம் இருந்தது.
நோட்டைப் புரட்டினேன்.
பங்குனியில்
ஈரோடு இருந்தது, பொள்ளாச்சி இருந்தது,
நாங்கள் ஆடவே ஆடாத மெட்ராஸ்கூட இருந்தது.

பின்பக்கத்தில் இடமில்லை.
முன்னால் திருப்பி
இழுவிசைச் சோதனை அட்டவணைக்குக் கீழே
அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்:
மில் ரோடு 58, தாராபுரம் 49.
ஹோப் காலேஜ் திருப்பத்தில் பஸ் குலுக்க
ஒன்பது எட்டு மாதிரி ஆகிவிட்டது.

கம்பியை விட்டுவிட்டு
நோட்டுக்கு மேலே குனிந்தான்.
"நாப்பத்தொம்பதுங்கக்கா.
அடிச்சுட்டு எழுதுங்க, ஒம்பது."