எட்டுப் பல்

மூஞ்சிக்கல்லில், பேக்கரிக்கு மேல்மாடி.
கீழே ரொட்டி வேகும் சூட்டில்தான்
நானும் என் கம்ப்யூட்டரும் டிசம்பரைத் தள்ளுகிறோம்.

பூம்பாறை வேலப்பன்
தாளோடு ஒரு பிடி பூண்டை மேசையில் போட்டார்.
கீபோர்டுக்குள் மண் உதிர்ந்தது.
"சாக்குக்கு ஒரு படம் வேணும்.
கீழ்நாட்டுப் பூண்டுன்னு
ஒரு பய சொல்லிரக் கூடாது."

ஒரு பல் வரைந்தேன்.
பல்லுக்கு நாலு புள்ளி போதும்:
வேரடியில் ஒன்று, நுனியில் ஒன்று,
இடுப்புக்கு இருபுறமும் ஒவ்வொன்று.
புள்ளியைத் தொட்டால் மீசை முளைக்கும்.
மீசையைப் பிடித்து இழுத்தால்
கன்னம் உப்பும்.
அதிகம் இழுத்துவிட்டால் முந்திரிக்கொட்டை.

அடியில் ஆணி அடித்து
நாற்பத்தைந்து பாகை திருப்பினேன்.
நகல். இன்னொரு நகல். இன்னொன்று.
எட்டாவது பல்
முதல் பல்லின் தோளில் வந்து இடித்தபோது
இறங்காமல் நின்று சுழலும் ஒரு பம்பரம்
திரையில் இருந்தது.

பிறகு நிறம்.
நடுவில் சுண்டக் காய்ச்சாத பால்,
விளிம்பில் கத்தரிப்பூ.
இரண்டுக்கும் இடையே எத்தனை நிறம் என்று
எனக்குத் தெரியாது.
மென்பொருளுக்குத் தெரியும், சொல்லாது.
புகை குடித்த மேல்தோலுக்குக் கொஞ்சம் காவி;
அது எவ்வளவு தெரிய வேண்டும் என்பதில்
ஒரு சாயங்காலம் போயிற்று.
முப்பது வைத்தால் துரு,
இருபது வைத்தால் வெறும் ஈரம்,
இருபத்தாறில்
அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கும் கொத்து.
கரண்ட் போய் யுபிஎஸ் கத்திய கத்தலில்
விரல் தானாகச் சேமித்துவிட்டது.

வேலப்பன் வந்தார். குல்லாவைக் கழற்றினார்.
திரைக்குக் கிட்டே போனார், தள்ளி நின்றார்.
"நல்லாத்தான் இருக்கு.
ஆனா இது பூண்டில்லீங்க, பல்செட்டு."

சிரித்தது நான்தான்.
அவர் சிரிக்கவில்லை. ஒன்றை எடுத்து
நகத்தால் உரித்து வைத்தார்.
பதிமூன்று.
ஒன்று இன்னொன்றின் முதுகில் ஏறியிருந்தது.
ஒன்று நடுவில் நசுங்கி
வெட்டிப்போட்ட நகம் போல.
இரண்டு, பிரிக்கவே முடியாமல்.

குழுவைக் கலைத்தேன்.
அளவெடுத்து நிறுத்திய எட்டையும்
ஒவ்வொன்றாய்த் தள்ளி, சாய்த்து, பருக்கவைத்து,
ஐந்தைப் புதிதாய்ச் சேர்த்து...
ஒழுங்காக வரைவதற்கு ஒரு கட்டளை போதும்.
கோணலுக்குப் பதிமூன்று தடவை
யோசிக்கவேண்டி இருந்தது.

திண்டுக்கல்லிலிருந்து இன்னாசி பேசினார்:
"சாக்குல ரெண்டு கலருக்கு மேல நிக்காது மேடம்.
ஷேடு கீடு எல்லாம் எடுத்திருங்க."

எடுத்தேன்.
பாலும் போயிற்று, கத்தரிப்பூவும் போயிற்று,
இருபத்தாறும் போயிற்று.
மிஞ்சியது ஊதா ஒன்று, பச்சை ஒன்று.
நிறம் மங்கிய இடத்தில் கோட்டை மெலித்தேன்,
அடர்ந்த இடத்தில் தடித்தேன்.
அனுப்பிவிட்டுக் கீழே போய்
சூடாக ஒரு பன் தின்றேன். கோபமாகத்தான்.

மாசியில் ஒரு நாள், பெருமாள்மலை.
பஸ் நகரவில்லை.
முன்னால் வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கும் லாரி.
சாக்குக்குச் சாக்கு என் பூண்டு:
தலைகீழாய், ஒருக்களித்து, மடிப்பில் பாதியாய்,
எந்த இரண்டும் ஒரே கோணத்தில் இல்லை.
ஆணி அடிக்காமலே சுழற்றிவிட்டிருக்கிறார்கள்
சுமை ஏற்றியவர்கள்.

அப்புறம்தான் பார்த்தேன்.
அச்சில் பச்சையை விட்டு ஊதா நகர்ந்திருந்தது,
அரிசி அகலத்துக்கு,
எல்லாச் சாக்கிலும்.
சண்டை போட இன்னாசிக்குப் போன் அடித்தேன்.

மணி போய்க்கொண்டிருந்தது.
லாரி வளைவில் திரும்பி, வெயில் பட்டு,
பதிமூன்று பல்லும் நிழலோடு
சாக்கைவிட்டு எழும்பி நின்றன.
நான் போடாத நிழல்.

"சொல்லுங்க மேடம்" என்றார்.
எத்தனை மில்லி நகர்ந்தது என்று
கேட்டுக் குறித்துக்கொண்டேன்,
பஸ் டிக்கெட்டின் பின்புறம்.