அரிவாள் மாட்டிய ஆணி

நாகர்கோவிலிலிருந்து சைக்கிளில் வந்தவள் நான்.
சென்னையைக் கடக்க ஒரு முழுப் பகல் ஆனது.
மாதவரம் தாண்டியபின்தான் மூச்சு வந்தது.
செங்குன்றத்து ஆலைகளில் அவித்த நெல்லின் வாடை
பசியைக் கிளப்பிவிட்டது.

சோழவரம் ஏரிக்கு இந்தப் பக்கம் நாலு ஏக்கர் கீரை.
உரிமையாளர் ரெஜினால்ட்
முப்பது வருடம் கப்பலில் இஞ்சின் பார்த்தவர்.
கரையிலும் லாக் புத்தகம் எழுதுகிறார்:
காற்று, மழை, மோட்டார் ஓடிய நேரம்,
அதற்குக் கீழே என் பெயர்.
"தினம் ஐந்து மணி நேர வேலை.
மூன்று வேளைச் சாப்பாடு, மோட்டார் ரூமுக்குப் பக்கத்து அறை.
ஞாயிற்றுக்கிழமை உன்னுடையது."
கை கொடுத்தேன்.
பணம் தொடாத ஒப்பந்தம் என்று
எனக்குள் ஒரு சின்னப் பெருமை.

அறையில் கயிற்றுக் கட்டில்,
வேப்பம்புண்ணாக்கு மூட்டை இரண்டு,
சுவரில் ஓர் ஆணி,
ஆணியில் அரிவாள்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.

இரவு இரண்டு மணிக்கு
நெற்றி விளக்கோடு பாத்தியில் உட்காருவோம்,
ஏகவல்லி, தேசம்மா, இன்னும் இரண்டு பேர், நான்.
அவர்கள் நாற்பது கட்டு கட்டும் நேரத்தில்
என் கையில் பன்னிரண்டு.
அதிலும் மூன்று அவிழும்.
நாலு மணிக்கு மினி லாரி
கோயம்பேட்டுக்குக் கிளம்பிவிடும்,
என் அவிழ்ந்த கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு.

"இன்னா சைக்கிளு, எவ்ளோ தராரு உனக்கு?"
"சாப்பாடும் அறையும்."
"அது சரி. துட்டு?"
"துட்டு இல்லை."
ஏகவல்லி நெற்றி விளக்கை
என் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.
பொய் சொல்கிறேனா என்று பார்த்தாள்.
பிறகு பாத்திக்கே திருப்பிக்கொண்டாள்.

எட்டாம் நாள் என் முடிச்சு நின்றது.
பத்தாம் நாள் முப்பது கட்டு.
பதினோராம் நாள் பாத்தியில் அவள் இல்லை.

மதியம் அறை வாசலில் வந்து நின்றாள்.
என் மடியில் தட்டு, தட்டில் மத்தி மீன் குழம்பு.
"சாப்டு சாப்டு, எழுந்துக்காத.
அருவாள எடுத்துனு போலாம்னு வந்தேன்."
என் தலைக்கு மேலே எட்டி எடுத்தாள்.
அவள் புடவையில் கீரை வாசம் இல்லை.
சோப்பு வாசம்.
வேலைக்குப் போகாத நாளின் வாசம்.

"உன்னால இல்லம்மா" என்றார் ரெஜினால்ட்,
"போர்ல தண்ணி குறைஞ்சிருச்சு."
இருக்கலாம்.
லாக் புத்தகத்தில் மோட்டாரின் நேரம் குறைந்துதான் இருந்தது.
என் நேரம் கூடியிருந்தது.

அன்றிரவு அதே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
இட்லி, குழம்பு, கட்டில், மின்விசிறி...
தாராளமாகப் போட்டும் நூற்றெழுபது.
அவள் கூலி நானூறு.
மீதி இருநூற்று முப்பது யார் வயிற்றில்?
பக்கத்தைக் கிழிக்கவில்லை, அவர் பார்க்கட்டும்.
துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள்.
அவர் எழுவதற்குள் கிளம்பிவிட்டேன்.

காரனோடை டீக்கடையில்
தலையில் துண்டு கட்டி
ஆலை வேனுக்குக் காத்திருந்தாள் ஏகவல்லி.
எனக்கும் சேர்த்து டீ சொன்னாள்.
பர்ஸை எடுத்தேன், கையைத் தட்டிவிட்டாள்.
"அடுத்த ஊர்ல
யாரு வேலைய சாப்புடப் போற, சைக்கிளு?"
உதட்டில் நுரையோடு சிரித்தாள்.
நானும் சிரித்தேன் போலிருக்கிறது.
வேன் வந்தது. ஏறிய பிறகும்
ஜன்னல் வழியே எதையோ கத்தினாள்,
லாரி ஹாரனில் கேட்கவில்லை.

கொசஸ்தலை பாலத்தில் எதிர்க்காற்று.
நெல்லூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பு,
நாலு மணி நேரம், இரண்டு வேளை
என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தேன்.
பாலத்தின் பாதியில் இறங்கி அந்த எண்ணுக்கு அழைத்தேன்.
எடுத்தவர் தெலுங்கில் கேட்டார்,
எப்போது வருகிறாய் என்றுதான் இருக்கவேண்டும்.

உங்கள் அறைச் சுவரில்
ஆணி ஏதும் இருக்கிறதா என்று
தெலுங்கில் எப்படிக் கேட்பதென்று
எனக்குத் தெரியவில்லை.