நடுநிலைத் தலைப்பு

ஒன்றே ஒன்றுதான் மாற வேண்டும்.
மற்றதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு
அசையாமல் நிற்க வேண்டும்.
ரக்ன்ஹில்ட் இதைச் சொன்னபோது நவம்பர்.
ட்ரொம்சோவில் சூரியன் விடுப்பில் போக
எட்டு நாள் இருந்தது.

சூரியனையும் ஒரு மாறி என்று குறித்துக்கொண்டோம்.
இருளுக்கு முன் பாதிப்பேர், இருளுக்குள் பாதிப்பேர்,
இரண்டு குழுவிலும்.

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினோம்.
மிஞ்சிய ஆணியைப் பார்த்து ஒருத்தி நேரம் கேட்டாள்.
ஆணியையும் பிடுங்கினோம்.
ஒரே விளக்கு, ஒரே நாற்காலி,
எனக்கு ஒரே சாம்பல் கம்பளிச் சட்டை.
வாசனைத் தைலம் கூடாது.
மீன் சூப் குடித்துவிட்டு வரக் கூடாது.
ஒரே வாக்கியம், ஒரே குரலில்:
"உட்காருங்கள். இருபது நிமிடம். நிறுத்தாமல் எழுதுங்கள்."
வாய்ப்பாடு போலக் குளியலறையில் சொல்லிப் பழகினேன்.
என் பூனைக்கு அது மனப்பாடம்.

வந்தவர்கள் நாற்பத்தெட்டுப் பேர்,
அந்த ஆண்டில் யாரையோ புதைத்தவர்கள்.
யாருக்கு எந்த உறை என்று எனக்குத் தெரியாது.
கணினி குலுக்கிப் போட்டதைக்
கீழ்த்தளத்தில் அஸ்லாவ்க் எச்சில் தொட்டு ஒட்டினாள்.
ஓர் உறைக்குள்:
இறந்தவரைப் பற்றி எழுதுங்கள், எதையும் மறைக்காமல்.
மற்றதில்:
உங்கள் சமையலறை அலமாரியில் இருப்பவற்றை எழுதுங்கள்.
உணர்ச்சி வேண்டாம், பொருள்கள் மட்டும்.

இரண்டாவதற்கு நடுநிலைத் தலைப்பு என்று பெயர் வைத்தோம்.
மருந்தில்லாத மாத்திரை, வெறும் மாவு.
செய்ததன் பலன் தெரிய
ஒன்றும் செய்யப்படாதவர்கள் வேண்டும் அல்லவா.

டிசம்பரில் தாள்களை எண்ணத் தொடங்கினேன்.
உணர்ச்சிச் சொல்லைக் கண்டால் அடிக்கோடு,
கட்டத்தில் எண்ணிக்கை.
அழுகை, ஒன்று. கோபம், ஒன்று.
நெஞ்சு என்று வந்தால்
உறுப்பா உணர்ச்சியா என்று
கையேட்டைப் பார்க்க வேண்டும்.

முப்பத்தேழாம் எண். நீல மசி, சாய்ந்த கையெழுத்து.

"மேல்தட்டில் கோப்பை இரண்டு.
ஒன்றின் காது வலப்பக்கம்.
மற்றதன் காது இடப்பக்கம்.
அவள் இடக்கைக்காரி.
மார்ச்சிலிருந்து அப்படியே இருக்கிறது.
மிளகு. காப்பித்தூள்.
சீனி, முக்கால் டப்பா.
நான் சீனி போட்டுக்கொள்வதில்லை."

இரண்டு முறை தேடினேன்.
கட்டத்தில் சுழியம் போட்டேன்.
பேனா அதன்மேலேயே இன்னொரு சுற்றுப் போனது.

ஜனவரிக் கடைசியில் சூரியன் வந்தது.
நடைவழியில் யாரோ ஜாம் வைத்த சூரிய ரொட்டி வைத்திருந்தார்கள்.
திரையில் இரண்டு கோடுகள்
ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன.
இரண்டு குழுவுக்கும் தூக்கம் ஒரே அளவு கூடியிருந்தது.
"பலனில்லை என்று எழுதிவிடலாமா?" என்றான் ஸ்வெர்ரே.
ரக்ன்ஹில்ட் விரலிலிருந்த சர்க்கரையைத் துடைத்துவிட்டு
உறைப் பட்டியலைத் திறந்தாள்.
முப்பத்தேழு: கட்டுப்பாட்டுக் குழு.
அந்தத் தாளைப் படித்துக் காட்டினேன்,
பழக்கி வைத்த அதே குரலில்.
ஸ்வெர்ரே எழுந்துபோய் ஜன்னலருகே நின்றான்.

பிறகு ஏழு வாரம்
யாருமே இல்லாத ஒரு பொருளைத் தேடினோம்.
பேருந்து அட்டவணை?
இருபதாம் எண் வண்டியில் யார் வேலைக்குப் போனார்கள்?
பனி வாரும் மண்வெட்டி?
போன குளிரில் யார் வாரினார்கள்?
அஸ்லாவ்க் ஓர் உருளைக்கிழங்கைக் கொண்டுவந்தாள்.
சிரித்தோம்.
வேண்டாம் என்று
அவளே திரும்ப எடுத்துப் பையில் போட்டாள்.

கடைசியில், துறைமுகத்தில் கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து
ஒரு செங்கல்.
முதலில் நம்மிடமே சோதிக்க வேண்டும் என்பது விதி.
ரக்ன்ஹில்ட் உட்கார்ந்தாள்.
வாக்கியத்தைச் சொன்னேன்.
பத்து நிமிடம் பேனா ஓடியது,
நீளம், அகலம், உடைந்த மூலை.
பதினோராவதில் நின்றது.
ஆணி இருந்த துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்தாமல் என்று நினைவூட்டுவது என் வேலை.
நினைவூட்டவில்லை.
அமர்வு செல்லாது என்று பதிவேட்டில் எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்:
சோதனையாளரின் தவறு.