எஃப் ஒன்பது

பழையபேட்டையில் கீழே கோழிக்கடை, மேலே என் கடை.
சால்டரிங் அயர்ன் சூட்டில்
ஜூன் மாதம் தன் சூட்டையும் வந்து சேர்க்கும்.

குப்பம் ரோட்டு எடைமேடையிலிருந்து
அரிசிச் சாக்கில் சுற்றி வந்தது அந்தக் கீபோர்டு.
கைக்குழந்தை கனம்.
வால் நுனியில் ஐந்து ஊசி வட்டப் பிளக்.
"புதுசு மாட்டினா எடுக்கலைம்மா.
மெஷினும் பழசு, புரோகிராமும் பழசு.
பூஜ்ஜியம் விழ மாட்டேங்குது, சீசன்ல லாரி நிக்குது"
என்றார் முனிவெங்கடப்பா.
பாதிப் படி இறங்கியவர் திரும்பி,
"அந்த எஃப் ஒம்போதையும் பாத்துடு."

கவிழ்த்துத் தட்டினேன்.
கிரானைட் தூள் கொட்டியது, மலையைப் பவுடராக்கிப் பூசியதுபோல்.
ஒரு மூக்குத்தித் திருகு.
பல்லி முட்டை ஓடு, பாதி.
என்டர் விசையின் அடியில்
கறுத்து இறுகிய மாம்பழச் சாறு.
சுரண்டினால் பெங்களூரா வாசம் வரும் என்று நினைத்தேன்.
தூசி வாசம்தான் வந்தது.

மூடிகளைப் பிடுங்கிச் சோப்பு நீரில் போட்டு
மாடியில் பேப்பர் விரித்துப் பரப்பினேன்.
எந்தச் சொல்லுக்கும் கட்டுப்படாமல்
வெயிலில் கிடந்தன எழுத்துகள்.
நூற்றியொன்று இருக்க வேண்டும், நூறுதான் இருந்தது.
வாளியடியில் ஒளிந்திருந்தது கேள்விக்குறி.

பூஜ்ஜியத்தின் தடத்தில்
மல்டிமீட்டர் முனைகளை வைத்தேன். மௌனம்.
ஒரு விரல் தள்ளி வைத்தேன். மௌனம்.
திருகாணி ஓரத்தில், விளக்கைச் சாய்த்தால் மட்டும் தெரிகிற
மயிரிழை விரிசல்.
செத்த இயர்போனிலிருந்து ஒரு செம்பு நரம்பை உருவி
பாலம் போட்டேன்.
பீப்.
ஒன்றுமில்லாததைக் குறிக்கும் எண்ணுக்கு
இவ்வளவு வேலை.

பிறகு ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன்.
டக். டக். பாக்கு வெட்டுகிற சத்தம், வரிசை வரிசையாக.
எஃப் எட்டு, டக்.
எஃப் பத்து, டக்.
நடுவில் ஒன்று
பஞ்சில் விரல் வைத்ததுபோல் இறங்கி எழுந்தது.

திறந்தேன்.
ஒவ்வொரு விசைக்குள்ளும் இரண்டு தகடு:
ஒன்று தொடுவதற்கு, ஒன்று சொல்வதற்கு.
தொடுகிற தகடு தேய்ந்து களைத்திருந்தது.
சொல்கிற தகடு இல்லை.
உடையவில்லை. விழவில்லை.
ஊசியால் நெம்பிய தடம் மட்டும் இருந்தது.

கீபோர்டின் முதுகில் ஒட்டிய சீட்டில்
யாரோ பால்பாயிண்டில் எழுதியிருந்தார்கள்:
எஃப் 2 பிரிண்ட். எஃப் 5 புது வண்டி.
எஃப் 9 கை எடை.

எனக்கென்ன தெரியும்.
மேடை பழுதானால் எடையைக் கையால்தான் அடிக்க வேண்டும்,
அதற்காக வைத்த விசைதான் அது.
ஆனால் பழுது நாளில் மட்டும் தொட்ட விசையில்
அச்சு இப்படி அழியுமா?
சத்தத்தை எதற்குக் கழற்ற வேண்டும்?

ஸ்க்ரோல் லாக் என்று ஒன்று உண்டு.
செய்த நாளிலிருந்து எவரும் தொட்டிராத கன்னி விசை.
அதன் தகடு பளபளவென்று இருந்தது.
எடுத்து ஒன்பதில் வைத்தேன்.
பில்லில் எழுதவில்லை.

சாயங்காலம் நானே கொண்டுபோய் மாட்டினேன்.
மேடைமேல் பழம் ஏற்றிய டிராக்டர்.
ஜன்னல் கம்பியில் கையை ஊன்றி
போனைத் தடவிக்கொண்டிருந்தார் திம்மராயன்.
முதலாளி பூஜ்ஜியத்தைப் பத்துத் தரம் அமுக்கிச் சிரித்தார்.
அப்புறம், மேலே பார்க்காமல்,
விரல் தானாகவே போய்—

டக்.

திம்மராயன் நிமிர்ந்தார்.
"என்னம்மா, இது சத்தம் போடுதே?"
"எல்லாம் போடுதுங்க. புதுசு மாதிரி ஆயிடுச்சு."

அறுநூற்றைம்பதுக்கு அறுநூறு நீட்டினார்.
ஜன்னலுக்குக் கேட்கும்படி
ஒவ்வொரு நோட்டாக எண்ணினேன்.