ஓடினால் பவுல்

பாசையூர் மைதானம், பின்னேரம் நாலரை.
கிளினிக் நேர்ஸ்பிள்ளை விசிலோடு நிற்கிறாள்.
"நடந்துதான் விளையாடவேணும். ஓடினா பவுல்.
மூச்சு வாங்கினாலும் கதைக்கக்கூடியதா இருக்கவேணும்."
கதைக்கிறதுக்கு எங்களுக்குச் சொல்லித்தரவேணுமோ?

பொனிப்பாசின் நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட்.
கிறகோரிக்குப் பிறசர்; குளிசைப்பெட்டி
சறத்தில் சுற்றியபடி கோல்கம்பத்தடியில்.
எனக்குக் கால்.
சந்தைக்குப் போனால் நாற்பதாவது அடியில்
கெண்டைக்காலை ஆரோ பிடித்துப் பிழிவார்கள்.
கடை பார்க்கிறமாதிரி நிற்பேன்.
பூட்டுக்கடையில்
எல்லாப் பூட்டின் விலையும் எனக்குப் பாடம்,
ஒன்றும் வாங்கினதில்லை.

இங்கே நின்றால் ஒருத்தரும் கேட்கிறதில்லை.
தடுக்க நிற்கிறான் என்று நினைப்பார்கள்.

நேற்று பந்து என்னைத் தாண்டி உருண்டது.
கோல்வாயில் ஆளில்லை.
பதினெட்டு வயதுக் கால் ஒன்று
எனக்குள்ளிருந்து பாய்ந்தது.

விசில்.
"அங்கிள், ஓடினீங்கள்!"
"ஆர், இவனோ?
இவனோ ஓடினவன்?"
பொனிப்பாஸ் எதிரணி. அவன்தான் முதலில் கைதட்டினான்.
பிறகு அந்த ஃப்ரீகிக்கை எடுத்து
எங்களுக்கே கோல் அடித்தான், நாய்.

இன்று சந்தைக்குள் போகிறேன்.
முதுகுக்குப் பின்னால் பூட்டுக்கடைக்காரன்:
"என்னண்ணை, இண்டைக்கு நிக்கேல்லையோ?"