ஒன்பதுக்குப் பிறகு

கெமி துறைமுகம், விடிகாலை மூன்று மணி.
பனியுடைப்புக் கப்பல் நிற்கும் பக்கம்
ஒரு ஸ்விட்ச் ஒன்பதோடு நின்றுவிட்டது.
"வரிசை தவறிப் பேசுகிறது" என்று
அதன்மேல் புகார் எழுதுகிறது மென்பொருள்.

ஐலா இரண்டு அடையாள எண்களை அச்செடுத்து
ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கிறாள்.
1.3.6.1...
புள்ளி புள்ளியாக விரல் நகர்கிறது.
ஒத்துப்போகிற வரை சொல்ல ஒன்றுமில்லை.
முதல் வேற்றுமையில் வழக்கு முடிந்துவிடும்;
பிறகு எத்தனை இலக்கம் நீண்டாலும்
யாரும் சாட்சி கேட்கப்போவதில்லை.
வேற்றுமையே வராமல் ஒன்று தீர்ந்துபோனால்
தீர்ந்ததுதான் மூத்தது.
வால் முளைத்தது பின்னால் நிற்கட்டும்.

கடைசிப் புள்ளிக்குப் பின்
இங்கே ஒன்பது, அங்கே பத்து.
சரியாகத்தானே சொல்லியிருக்கிறது?

நிரலைத் திறந்தாள்.
எண்ணை எழுத்தாக வாசித்திருக்கிறார்கள்:
பத்தின் தலையில் ஒன்றைக் கண்டதும்
ஒன்பதைவிடச் சிறியதென்று
கதவைச் சாத்தியிருக்கிறது.
எழுதியவர் யார்?
நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு நவம்பர்,
அவள் பெயர்.
அப்போது பத்தாவதென்று எதுவும் இருக்கவில்லை.

காபியோடு வந்த ரைமோ கேட்டான்: "ஸ்விட்ச்சை மாற்றணுமா?"
"வேண்டாம்" என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை.

திரையில் ஒன்பது. பிறகு பத்து:
போன வாரம் மாட்டிய வெப்பமானி.
மைனஸ் இருபத்தேழு என்றது,
கேட்காதவர்களிடமும்
இதையே சொல்லிக்கொண்டிருந்த குரலில்.