வீட்டின் நீளம்

பரந்தனில் இருந்து இரண்டாம் கட்டையில்
அத்திவாரம் இருக்கிறது, வீடில்லை.
ஆறு படி ஏறினால்
விறாந்தை முழுக்க நாயுருவி.
கடைசிப் படியில் விரலால் எழுதிய 1938,
பக்கத்தில், ஈரச் சீமெந்தில் நடந்துபோன
ஒரு கோழியின் கால்.

அமலதாஸ் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொள்ள
மற்ற நுனியோடு நான் புல்லுக்குள் நடந்தேன்.
முப்பத்தெட்டு அடி. இருபத்திரண்டு அடி.
பழைய கட்டடங்களின் பட்டியலுக்குத்
திணைக்களம் தந்த படிவத்தில்
பெயர்: ஓவசியர் இளையதம்பி வீடு.
தற்போதைய நிலை:
அங்கே பேனை நின்றுவிட்டது.

வாய்விட்டு வாசித்திருப்பேன் போல.
"நிலையோ? அது தருமபுரத்தில எல்லோ நிக்குது"
என்றான் வயலுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த பெடியன்.
"சங்கக்கடைக்குப் பின்னால. முதிரை நிலை."

முதுகில் சோழகம் தள்ளச்
சைக்கிள்கள் தாமாகவே ஓடின.

தகரக் கொட்டில் ஒன்று.
ஒன்பதடி நிலைக்கு இடம்விட்டு
அந்த மூலையில் மட்டும் கூரை
எம்பி நின்றது.
"நாங்கள் திரும்பி வரேக்க வளவுக்குள்ள கிடந்தது" என்றாள் புவனலோஜினி.
"ட்ரக்டரில பாரம் கூடி இறக்கியிருப்பினம்.
ஒருத்தரும் கேட்டு வரேல்லை."
தாமரை செதுக்கிய மேற்சட்டத்தில்
பிள்ளையின் பள்ளிச்சப்பாத்து காய்ந்தது.

விசுவமடுவில் எனக்குக் காற்றுப் போனது.
ஒட்டுப்போடும் கடைக்கு
மீன் முத்திரை குத்திய பீலி ஓடு.
அமலதாஸ் அண்ணாந்து எண்ணத் தொடங்கினான்.
இருநூறு தாண்டும்போது கடைக்காரர்
தண்ணீர்ச் சட்டிக்குள் ரியூப்பை அமத்திக்கொண்டே கேட்டார்:
"கணக்கெடுத்துப்போட்டுத் திருப்பிக் கேப்பியளோ?"
இல்லையென்றேன்.
யாருக்காக அப்படிச் சொன்னேன் என்று
இப்போதும் தெரியவில்லை.
ஒட்டுக்கு அவர் காசு வாங்கவில்லை.

உடையார்கட்டில் யன்னல்கம்பி நான்கு,
அந்தோனியார் கூட்டுக்கு வேலியாக.
மெழுகு வடிந்து தடித்திருந்தன.
சுரண்டிப் பார்த்தேன், பச்சைப் பெயின்ற்.
படியின் ஓரத்திலும் இதே பச்சை.

அதற்கப்பாலும் போனோம்.
ஓடு, கதவு, கொளுக்கி, எதுவென்றாலும் என்று
கேட்டுக்கொண்டே போனோம்.
நாங்கள் வீட்டைக் கேட்டோம்.
அவர்கள் ஆட்களைச் சொன்னார்கள்.
எந்த மரத்தடியில் கண்டது,
என்ன நிறச் சட்டை,
கையில் எந்தப் பிள்ளை.

நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

திரும்பும்போது காற்று எதிரே.
இறங்கி உருட்டினோம் பாதித் தூரம்.
மதகொன்றில் குந்தியிருந்து
படிவத்தை மடியில் விரித்தேன்.
நீளம்: இரண்டாம் கட்டையில் இருந்து
பதினைந்தாம் கட்டை வரை.
"வெட்டிப்போடுவாங்கள்" என்றான் அமலதாஸ்.
வெட்டட்டும்.
தற்போதைய நிலை: தருமபுரம்.

அந்தக் கொட்டிலைக் கடக்கையில் இருட்டிவிட்டது.
விளக்கோடு வெளியே வந்தாள் புவனலோஜினி,
தலைக்குமேல் நாலடி வெறும் வெளி இருக்க
அந்த வாசலிலும்
குனிந்து.